மைனர் தின்ற வெற்றிலை பாக்கு

வெள்ளிக்கிழமை மதியம் கோலாலம்பூரிலிருந்து கிளம்பினோம். வேனின் பின்பக்கம் ஐஸ் பெட்டிகள், வைக்கோலில் பொதிந்த கண்ணாடிக் குப்பிகள், முத்திரை வைக்க அரக்கு, நீளக் கைப்பிடி போட்ட இரண்டு அலுமினியச் சட்டிகள். முன்னால் ஓட்டுநர் ஷரபுதீன் அண்ணனும் நானும். எங்கள் மேலதிகாரியான கால்நடை மருத்துவர் டாக்டர் லிம் முதல் நாளே தம் காரில் ஈப்போவுக்குப் போய்விட்டார்.

"கெமிஸ்ட்ரி பட்டம்," என்றார் ஷரபுதீன் அண்ணன், ஊரைத் தாண்டியதும். "கடைசியில குதிர ஒண்ணுக்குப் போற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிற வேல. ஒங்க அப்பாகிட்ட என்னன்னு சொல்லி வச்சிருக்க?"

"ஆய்வுக்கூடத்துல வேலன்னு."

"எத ஆய்வு பண்றன்னு கேக்கலயா?"

"கேட்டாரு. மருந்துன்னு சொன்னேன்."

"பொய்யில்ல லா அது," என்று சிரித்தார்.

பொய்யில்லைதான். பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் சிறுநீரைப் பிடித்து வந்து, அதற்கு யாராவது மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பது எங்கள் வேலை. வேகம் கூட்ட ஒரு மருந்து உண்டு. வலியை மறைக்க ஒன்று உண்டு. வேண்டாத குதிரையை மந்தமாக்கவும் உண்டு. நான் வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை. சிறுநீரில் மருந்து கலந்திருந்தால் அது ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளியாக ஏறும். அந்தப் புள்ளிகள் மெல்ல மேலேறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. வெளியூருக்கு என்னை அனுப்பியது அதுதான் முதல் முறை. ஈப்போவில் அந்த ஞாயிற்றுக்கிழமை கோப்பைப் பந்தயம். ஆண்டிலேயே பெரிய பந்தயம்.

சிலிம் ரிவரைத் தாண்டும்போது நான் பிறந்த ரப்பர் தோட்டம் வந்தது. அதைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். சாலையோரம் செம்பனைக் கன்றுகள் நின்றன.

"எறங்கிப் பாக்கணுமா?" என்றார் ஷரபுதீன் அண்ணன்.

"வேணாண்ணே. அங்க யாரும் இல்ல."

"அப்ப கோப்பெங்ல தேத்தண்ணி குடிப்போம். அங்க ஆளு இருக்கு."

சனிக்கிழமை சிறிய பந்தயங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஜெயித்த குதிரையை நேராக எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். வியர்வையைக் கழுவி, தண்ணீர் காட்டி, வைக்கோல் பரப்பிய அறையில் விட்டார்கள். நான் சட்டியோடு சுவரோரம் நின்றேன். குதிரைக்கு எப்போது வருகிறதோ அப்போது சட்டியை நீட்ட வேண்டும். சீட்டியடித்தால் சீக்கிரம் வரும். குட்டியிலிருந்தே அப்படிப் பழக்கியிருப்பார்கள். எனக்குச் சீட்டியடிக்கத் தெரியாது. தெரிந்தாலும் அத்தனை ஆண்களுக்கு நடுவில் அடித்திருக்க மாட்டேன். ஷரபுதீன் அண்ணனுக்கு முன்பல் இரண்டு இல்லை. அவர் அடித்தால் காற்றுதான் வந்தது.

"குதிர இவரப் பாத்துச் சிரிக்குது லா," என்றபடி மூன்றாம் பந்தயத்தில் ஜெயித்த குதிரையோடு உள்ளே வந்தார் ஒரு சைஸ். குதிரையைப் பராமரிப்பவரை அங்கே சைஸ் என்பார்கள். அந்த லாயங்களில் சைஸ்களில் நிறையப் பேர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். இவர் பெயர் கார்த்திகேசு. ஒல்லியான மனிதர், நாற்பதைத் தொட்டிருப்பார். கால்சட்டையை முட்டிவரை மடித்துவிட்டிருந்தார்.

"மிஸ்ஸு எந்தத் தோட்டம்?" என்றுதான் முதலில் கேட்டார்.

"சிலிம் ரிவர் பக்கம்."

"அப்பா?"

"பால் வெட்டுனாரு. இப்ப தஞ்சோங் மாலிம்ல ஸ்கூல் ஜாகா, காவல் வேல."

"நான் கோப்பெங் பக்கம். எங்க தோட்டத்த வித்து வீடு கட்டிட்டானுங்க. காலையில பேரு கூப்பிடற பெரட்டுக்கு நின்னவன் இப்ப குதிரைக்கு முன்னால நிக்கிறேன். குதிர தேவலாம். வேல வாங்கற மண்டோரு மாதிரிக் கத்தாது."

சொல்லிவிட்டுச் சீட்டியடித்தார். நான் சட்டியை நீட்டினேன். குப்பியில் ஊற்றி, அரக்கு வைத்து மூடும்வரை நின்று பார்த்தார்.

"வேல முடிஞ்சுதா? வா, எம் பயலக் காட்டறேன்."

அவர் பயல் என்றது ஒரு கறுப்புக் குதிரை. நெற்றியில் வெள்ளை. பந்தயத்தில் அதற்கு லக்கி லேன்டர்ன் என்று பெயர், லாயத்தில் மைனர். தலையைத் தூக்கி, யாரையும் பார்க்காத மாதிரி நடக்குமாம். அதனால் அந்தப் பெயர். மறுநாள் கோப்பைப் பந்தயத்தில் அது ஓடவிருந்தது.

"பன்னெண்டு வருசமா சைஸா இருக்கேன்," என்றார். "கோப்பைக்கு ஓடற குதிர எங் கைக்கு வந்தது இதான் மொதல் தடவ. ஜெயிக்கணும்னுகூட இல்ல மிஸ்ஸு. பந்தயத்துக்கு முன்னால சனம் பாக்க வளையத்துல சுத்திக் கூட்டிட்டுப் போவோம் பாரு, அதுக்கு நான் கயிறப் பிடிக்கணும். வெள்ளச் சட்ட தச்சு வச்சிருக்கேன். எம் பொண்டாட்டி வந்து பாக்கறேன்னிருக்கா."

மைனர் என் கோட்டுப் பையை முகர்ந்து பார்த்தது. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே கார்கள் வரத் தொடங்கின. ஈப்போவில் இத்தனை தொப்பிகளை எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விளிம்பு வைத்தவை, பூ வைத்தவை, முகத்தை மறைக்கும் வலை போட்டவை. அந்த வெயிலில் சிலர் முழங்கை வரை கையுறை போட்டிருந்தார்கள். பந்தய மன்றத்தின் உறுப்பினர் அரங்கில் பெண்களுக்கு உடை அலங்காரப் போட்டி இருந்தது. அதற்காகவே பினாங்கிலிருந்து வந்தவர்கள் உண்டாம். குதிரையை அவர்கள் பார்த்தார்களா என்பது வேறு விஷயம்.

எனக்கு முதல் பந்தயம் முடியும்வரை வேலை இல்லை. லாயத்துப் பக்கம் போனேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் சைஸ்கள் வைத்த முனியாண்டி கல் ஒன்று இருந்தது. பந்தய நாளில் அங்கே சூடம் ஏற்றி, திருநீற்றைக் குதிரையின் நெற்றியில் பூசுவார்கள். அதோடு சரி. குதிரைக்குத் தின்ன எதுவும் கொடுக்க மாட்டார்கள். பந்தய நாளில் பயிற்சியாளர் அளந்து கொடுப்பதைத் தவிர ஒரு புல்லும் அதன் வாயில் படக்கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

முத்தம்மா அக்காவுக்கு அது தெரியாது. அவர் கார்த்திகேசு அண்ணனின் மனைவி. ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிறவர். லாயத்துக்குள் வந்தது அதுவே முதல் முறை. கிளிப்பச்சைப் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் தாம்பாளம். அதில் தேங்காய் மூடி, வாழைப்பழம், குங்குமம், வெற்றிலை பாக்கு. மைனரின் பின்கால் லாடம் ஆடுகிறது என்று கார்த்திகேசு அண்ணன் லாடக்காரரைக் கூப்பிடப் போயிருந்தார்.

"நீதானா மூத்திரம் புடிக்கிற பொண்ணு?" என்றார் முத்தம்மா அக்கா என்னைப் பார்த்து. "வீட்டுல ஒன் பேச்சுத்தான். வா, வந்து சூடத்த ஒத்திக்க."

ஒற்றிக்கொண்டேன். அவர் மைனரின் முன் சூடத்தைச் சுற்றினார். நெற்றி வெள்ளையில் குங்குமம் வைத்தார். மைனர் தும்மியது. அக்கா சிரித்துக்கொண்டே வாழைப்பழத்தை எடுக்கக் குனிந்தார். குனிந்தபோது தாம்பாளம் மைனரின் மூக்குக்கு நேராகப் போனது. ஒரே வாரல். பழம், வெற்றிலை, பாக்கு எல்லாம் வாய்க்குள் போயின. தேங்காய் மூடி மட்டும் உருண்டு கீழே விழுந்தது.

"பாரேன், மரியாத தெரிஞ்சவன்!" என்றார் அக்கா. "தாம்பூலம் வாங்கிக்கிட்டான்!"

நான் தாம்பாளத்தை எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, அதுல பாக்கு இருந்துச்சா?"

"பாக்கு இல்லாம தாம்பூலமா? வெட்டுன பாக்கு. பசார்ல நேத்து வாங்குனது."

மைனர் நிதானமாக மென்றது. உதட்டோரம் பாக்குத் துகளோடு எச்சில் வழிந்தது.

பாக்கில் அரிகோலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு எச்சில் ஊறுவதும் உடம்பு சூடாவதும் அதனால்தான். பந்தயக் குதிரையின் உடம்பில் அது இருக்கக்கூடாது. யார், எதற்குக் கொடுத்தார்கள் என்று தகடு கேட்காது. மைனர் ஜெயித்தால் அதன் சிறுநீரை நான்தான் பிடிப்பேன். செவ்வாய்க்கிழமை என் தகட்டில் அந்தப் புள்ளி ஏறும். பந்தய நாளில் குதிரைக்குப் பொறுப்பு சைஸ். கார்த்திகேசு அண்ணனின் வேலை அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். பிறகு அவர் எந்த ஊர் லாயத்திலும் நுழைய முடியாது. லாயத்துக்குப் பின்னால் அவர்கள் இருக்கும் வீடும் போகும்.

பந்தயத்துக்கு முன்பே சொன்னால் குதிரையை விலக்குவார்கள். அவர் கயிறு பிடித்து வளையத்தில் நடக்க முடியாது.

இதை நான் முத்தம்மா அக்காவிடம் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்போது கார்த்திகேசு அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. அக்கா அழவில்லை, தாம்பாளத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"என்னா?" என்றார் அவர்.

அக்கா சொன்னார்.

அவர் மைனரின் வாயைத் திறந்து பார்த்தார். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தார். துணியை மடித்து, இன்னொரு முறை துடைத்தார்.

"சாமிக்கு வச்சது," என்றார். "ஒரு பாக்கு. இவ்வளவு பெரிய ஒடம்புக்கு அது என்னா செய்யும்?"

"ஒண்ணும் செய்யாம போகலாம்ணே. ஆனா தெரியும்."

"யாருக்குத் தெரியும்? இங்க நாம மூணு பேருதான்."

"தகட்டுல தெரியும்."

"தகட்டப் பாக்கறது நீதானே லா?"

அவருக்கே அந்தக் கேள்வி பிடிக்கவில்லை போலிருந்தது. வேறு பக்கம் பார்த்தார்.

"ஜெயிச்சாத்தானே டெஸ்ட்டு," என்றார் பிறகு. "ரெண்டாவது வரட்டும். போதும்."

"ஏங்க, ஓடாதன்னு அதுகிட்டச் சொல்லுவீங்களா?" என்றார் அக்கா.

"நீ வாயத் தொறக்காத. ஒன்ன யாரு தட்டத் தூக்கிட்டு உள்ள வரச் சொன்னா?"

"ஒங்களுக்காகத்தான் வந்தேன். வேற யாருக்கு?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். வாளி நிறைந்து வழிந்த பிறகும் குழாயை மூடவில்லை.

பந்தயத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முதலில் ஷரபுதீன் அண்ணனை அனுப்பினேன். டாக்டர் லிம் உறுப்பினர் அரங்கில் நடுவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன வேகத்தில் ஷரபுதீன் அண்ணன் திரும்பி வந்தார்.

"டை கட்டாம வாசல்காரன் உள்ள விடமாட்டானாம். சேதியச் சொல்லி அனுப்புன்னேன். தொரைங்க சாப்பிடறப்ப தொல்ல பண்ணக்கூடாதாம். ஒரு டை குடுன்னேன். என் சட்டையில காலர் இல்லியாம்." அவர் தம் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "நீ போ தங்கச்சி. பொம்பளைங்களுக்கு டை கேக்க மாட்டான்."

எனக்கு லாயத்துக்குள் மட்டும் போகும் மஞ்சள் அட்டைதான் இருந்தது. போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் முதல் நாள் கறை. காலில் ரப்பர் பூட்ஸ். அத்தனை தொப்பிகளுக்கு நடுவில் நடந்து போய், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் பேச வேண்டும். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் பேசாமல் நின்றவள் நான்.

"நான் வாரேன்," என்றார் முத்தம்மா அக்கா. "எங் கையால குடுத்தது. நானே சொல்றேன். நீ இங்கிலீசுல பேசு, நான் மலாய்ல பேசறேன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வாயாச்சும் வரும்."

அரங்கின் வாசலில் காவலர் என் அட்டையைப் பார்த்துத் தலையாட்டி மறுத்தார். அக்கா மலாயில் கெஞ்சத் தொடங்கினார். அப்போது உள்ளேயிருந்து நாடாக்களும் ஊசிகளும் கையில் நிறைய வைத்துக்கொண்டு ஒரு சீனப் பெண் விரைந்து வந்தார். அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கிளிப்பச்சைப் பட்டு வெயிலில் மின்னியது.

"போட்டிக்குத்தானே? ஏன் இவ்வளவு நேரம்? ஆரம்பிச்சாச்சு!" என்றார் மலாயில்.

அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "யா," என்றார். ஆமாம் என்று பொருள். என் கையை இறுகப் பிடித்தார். "இவ எந் தங்கச்சி. சேல மடிப்பு பாத்துக்க வந்திருக்கா."

அந்தப் பெண் என் பூட்ஸைப் பார்த்தார். கேட்க நேரமில்லை. அக்காவின் தோளில் எண் போட்ட நாடாவைக் குத்தினார். காவலர் ஒதுங்கினார். நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

"அக்கா, மேடைக்கு ஏத்திடப் போறாங்க."

"ஏத்தட்டும். நீ டாக்டரத் தேடு. போ, போ."

மேடை என்றால் சிவப்புக் கம்பளம் விரித்த நீளப் பலகை. அக்காவுக்கு முன்னால் ஒரு பெண் அன்னாசிப்பழம் அளவுக்குப் பூக்கள் வைத்த தொப்பியோடு நடந்துகொண்டிருந்தார். நான் மேசைகளுக்கு நடுவே நடந்தேன். என் பூட்ஸ் சத்தம் எனக்கே கேட்டது. யாரோ மூக்கைச் சுளித்தார்கள். டாக்டர் லிம் கடைசி மேசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் மைனரின் பயிற்சியாளர். எதிரே நரைத்த மீசை வைத்த மலாய்க்காரர். அவர்தான் தலைமை நடுவர்.

அவர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

டாக்டர் லிம் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்," என்றார் ஆங்கிலத்தில். "இந்தப் பெண் கிட்டத்தட்ட ஓராண்டாக என்னோடு வேலை செய்கிறாள். தானாக வந்து இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது வந்திருக்கிறாள். என்ன நடந்தது, செல்லாயி?"

பத்து முகங்கள். நான் டாக்டர் லிம்மின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கோப்பைப் பந்தயத்தில் ஐந்தாம் எண். இன்று காலை பாக்கு தின்றது. நான் நேரில் பார்த்தேன். பூசைத் தட்டிலிருந்து தானாக எடுத்தது. சைஸ் அப்போது அங்கே இல்லை. நான்கைந்து வாக்கியங்கள்தான். கடைசி வாக்கியத்தில் என் குரல் சாதாரணமாக இருந்தது. அது எனக்கே ஆச்சரியம்.

பயிற்சியாளரின் முகம் சிவந்தது. "இன்றைக்கா? இன்றைக்குத்தானா?" என்றார். கைத்துண்டை மேசைமேல் வீசினார்.

"யார் அந்தத் தட்டைக் கொண்டு வந்தது?" என்றார் தலைமை நடுவர்.

நான் மேடையைக் காட்டினேன்.

முத்தம்மா அக்கா கம்பளத்தின் நடுவில் நின்றிருந்தார். மைக் வைத்திருந்தவர், இந்த அழகான சேலை எந்த ஊரிலிருந்து வந்தது, மதராசா, பம்பாயா என்று கேட்டார். "லகாட் ரோடு, துவான்," என்றார் அக்கா. துவான் என்றால் ஐயா; லகாட் ரோடு ஈப்போவிலேயே நம் துணிக்கடைகள் இருக்கும் தெரு. கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அக்கா கும்பிட்டுவிட்டு இறங்கி நேராக எங்கள் மேசைக்கு வந்தார். தோளில் எண் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் துவான்," என்றார் மலாயில், யாரும் கேட்பதற்கு முன்பே. "என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. லாடக்காரரக் கூப்பிடப் போயிருந்தாரு. தண்டிக்கிறதா இருந்தா என்னத் தண்டிங்க. எனக்குக் குதிர அட்ட இல்ல, புடுங்கவும் முடியாது."

நடுவர் மீசையைத் தடவினார். சிரிப்பை மறைத்தார் என்று நினைக்கிறேன்.

"என் அம்மாவும் வெற்றிலை போடுகிறவர்," என்றார். "வீட்டு ஆட்டுக்குட்டி ஒருமுறை அவர் பெட்டியையே தின்றுவிட்டது." பிறகு பயிற்சியாளரைப் பார்த்தார். "பந்தயம் முடிந்து செவ்வாய்க்கிழமை தெரிந்திருந்தால் அந்த ஆளின் அட்டையோடு உங்கள் அட்டையையும் கேட்டிருப்பேன். முன்பே சொல்லிவிட்டார்கள். குதிரை ஓடாது. சைஸுக்கு எச்சரிக்கை. அவ்வளவுதான். நீங்கள் இந்தப் பெண்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்."

பயிற்சியாளர் நன்றி சொல்லவில்லை. ஆனால் கைத்துண்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார்.

வாசலில் அந்தச் சீனப் பெண் ஓடி வந்து அக்காவின் கையில் ஒரு முகப்பவுடர் டப்பாவைத் திணித்தார். ஆறுதல் பரிசாம்.

"அடுத்த வருசமும் வரணுமாம்," என்றார் அக்கா. அவர் முகம் மலர்ந்திருந்தது. லாயம் கண்ணில் பட்டதும் டப்பாவை முந்தானைக்குள் ஒளித்தார்.

அதற்குள் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். கோப்பைப் பந்தயத்தில் ஐந்தாம் எண் விலக்கப்பட்டது. கூட்டத்திலிருந்து ஒரு பெரிய முனகல் எழுந்தது. கார்த்திகேசு அண்ணன் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார்.

"யாரு சொன்னது?" என்றார்.

"நான்தாண்ணே."

"நானுந்தான்," என்றார் அக்கா.

"வேல?"

"வேல இருக்கு. எச்சரிக்க மட்டுந்தான். வீடும் இருக்கு."

அவர் தலையை அசைத்தார். அக்கா அவர் பக்கத்தில், பட்டுச்சேலை என்றும் பாராமல், வைக்கோல்மேல் உட்கார்ந்தார். மைனர் தன் கதவுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி எங்கள் மூவரையும் பார்த்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தது, அவ்வளவுதான்.

"என்மேல கோவமாண்ணே?" என்று கேட்டேன்.

"இருக்கு," என்றார். "சாயங்காலம் வரைக்கும் இருக்கும்." பிறகு, "அந்தக் கேள்வி கேட்டேன் பாரு, தகட்டப் பாக்கறது நீதானேன்னு. அத மறந்துடு," என்றார்.

"சரிண்ணே."

அடுத்தடுத்த பந்தயங்களில் ஜெயித்த குதிரைகள் வந்தன. நான் சட்டியோடு போய் வந்தேன். கோப்பைப் பந்தயம் தொடங்கும் நேரத்தில் கொட்டகையில் குதிரை இல்லை. லாயத்துக்கு வந்தேன். அங்கிருந்து ஓடுபாதையின் தூரத்துப் பக்கம் மட்டும் தெரியும். அதுவும் வேலிச்செடிக்கு மேலே குதிரையோட்டிகளின் வண்ணத் தொப்பிகள்தான். கார்த்திகேசு அண்ணன் வாளியைத் தூக்கி வந்து வேலியோரம் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்றார். ஷரபுதீன் அண்ணனும் வந்து சேர்ந்தார்.

மணி அடித்தது. தொப்பிகள் செடிக்கு மேலே வழுக்கிக்கொண்டு போயின.

"இப்ப நம்ம பய எங்க இருப்பான்?" என்றார் ஷரபுதீன் அண்ணன்.

"கடைசிக்கு முந்தி," என்றார் கார்த்திகேசு அண்ணன் உடனே. "எடுத்த ஒடனே ஓட மாட்டான். சுத்தி வேடிக்க பாப்பான்."

"மைனராச்சே," என்றார் அக்கா.

"இப்ப அந்தச் செவப்புத் தொப்பிக்குப் பின்னால வந்துட்டான். வளைவுல உள் பக்கமா நுழையறான். பாரு, எடம் இருக்கு, நுழையறான்." அவர் கழுத்தை நீட்டினார். அந்த இடத்தில் எந்தத் தொப்பியும் இல்லை. நாங்கள் எல்லாரும் அங்கேதான் பார்த்தோம். "மஞ்சளத் தாண்டிட்டான். மூணாவது. இப்ப மூச்சு வாங்க மாட்டான், இப்பத்தான் அவனுக்குச் சூடு புடிக்கும்."

தொப்பிகள் வளைவு திரும்பி எங்கள் கண்ணிலிருந்து மறைந்தன. இனி அரங்கின் இரைச்சல் மட்டுந்தான். அது ஏறிக்கொண்டே போனது.

"ரெண்டாவது," என்றார் கார்த்திகேசு அண்ணன், கண்ணை மூடிக்கொண்டு. "முன்னால நாலாம் நம்பரு. பக்கத்துல வர்றான். தல தலைக்குச் சமமா இருக்கு."

இரைச்சல் உச்சிக்குப் போய்ச் சட்டென்று உடைந்தது. ஒலிபெருக்கி நாலாம் எண் என்றது.

அவர் கண்ணைத் திறந்து வாளியிலிருந்து இறங்கினார்.

"ரெண்டாவதுதான்," என்றார். "அந்த நாலாம் நம்பரு இன்னிக்கு யாருக்கும் விட்டிருக்காது."

"ஏங்க, ஓடாத குதிரதானே?" என்றார் முத்தம்மா அக்கா. "அதையாவது மொதல்ல கொண்டு வரக்கூடாதா?"

"அப்படியெல்லாம் பொய் சொல்ல முடியாது," என்றார் அவர்.

நாலாம் எண் குதிரையைக் கொட்டகைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று கூப்பிட்டார்கள். நான் சட்டியை எடுத்துக்கொண்டேன். கார்த்திகேசு அண்ணனும் என்னோடு நடந்தார்.

"அந்தச் சைஸ் புதுசு," என்றார். "சீட்டியடிக்க வராது அவனுக்கு."